எள் விதைக்க மாசியா ஆடியா, தரையா மாடியா? வட சென்னை வீட்டுத் தோட்டத்துக்கான ஓர் ஒப்பீடு

வீட்டின் பின்புறம் நூறு சதுர அடி மண்ணோ, மொட்டை மாடியில் இருபது பைகளோ வைத்திருப்பவர்கள், கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் பழகிய பிறகு எள்ளின் பக்கம் திரும்புவது வட சென்னையில் இப்போது பரவலாகக் காணப்படுகிறது. அப்படித் திரும்பும் வாசகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். தை, மாசியில் விதைப்பதா, ஆடி வரை காத்திருப்பதா என்பது ஒன்று. தரையில் விதைப்பதா, மாடிப் பைகளில் விதைப்பதா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கேட்டாலும் விடை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், மூன்று வழிகளையும் ஒரே அளவுகோல்களால் நிறுத்துப் பார்ப்பதே முறை.

கத்தரியையும் வெண்டையையும் போல வாரந்தோறும் பறித்துக் கொள்ளும் பயிர் அல்ல எள். எண்பது, எண்பத்தைந்து நாள் வளர்த்து, ஒரே முறையில் அறுத்து, காயவைத்து, உதறி எடுக்க வேண்டிய பயிர். அந்தக் கடைசிப் பத்து நாளில் வானம் வெளுத்திருக்க வேண்டும். ஆகவே விதைப்பு நாளை அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்தின்மேல் நிற்கிறது.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

முதல் அளவுகோல் அறுவடைக் காலத்து வானிலை. எள்ளுக்காய் முற்றியதும் தானே நுனியில் வெடித்து விதையைக் கொட்டிவிடும் இயல்புடையது. அந்த நேரத்தில் மழை பிடித்தால், வெடித்த காய்க்குள் நீர் இறங்கி விதை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும்; வெடிக்காத காயோ காயாமல் அழுகும்.

இரண்டாவது, நீர் தேங்காமை. வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும் எள்ளுக்கு, வேரடியில் ஓரிரு நாள் நீர் நின்றாலும் பிழைப்பு கடினம். செடி வாடுவதைப் பார்த்து நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவோர் உண்டு. அப்படி ஊற்றினால் வேரழுகல் விரைந்து வரும்.

மூன்றாவது, நீரின் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவு செய்து வரும் செய்தி. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு எனக் கடற்கரையை ஒட்டிய பல தெருக்களின் ஆழ்துளைக் கிணற்று நீரும் கரிக்கிறது. முளைக்கும் பருவத்தில் எள் உப்பைச் சற்றும் தாங்காது. குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீரோ, தேக்கி வைத்த மழைநீரோ இருந்தால் விதைத்த முதல் மூன்று வாரத்துக்கு அதையே ஒதுக்க வேண்டும்.

நான்காவது, மண்ணின் நம்பகம். ஐந்தாவது, வெயில். இது நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆறாவது, உழைப்புக்கும் செலவுக்கும் ஈடாகக் கையில் வரும் விதையின் அளவு.

அளவைப் பற்றி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நன்கு பராமரித்த வயலில் எக்டேருக்கு 600 முதல் 800 கிலோ என்பது மதிக்கத்தக்க விளைச்சல். அதை வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தால், நூறு சதுர அடிக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை கிடைக்கும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு 400 சதுர அடி அளவுக்கு நிலம் தேவை. எண்ணெய் ஆட்டும் எண்ணத்தோடு வீட்டில் எள் விதைப்பவர்கள் ஏமாற்றமே அடைவார்கள். எள்ளுருண்டைக்கும், இட்லிக்கு எள்ளுப்பொடிக்கும், புரட்டாசிச் சனிக்கிழமை எள் சாதத்துக்கும், அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் வேண்டிய எள்ளைத் தன் கையால் விளைவித்துக் கொள்வதென்றால், அது முழுவதும் இயலக் கூடியது. "இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்" என்ற வீட்டில், வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று முறை உருண்டை பிடிக்க அரைக் கிலோ போதும்.

## முதல் வழி: தரையில், தை கடைசியிலோ மாசி முதல் வாரத்திலோ

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிக் குளிரும் தணிந்து, மண் சூடேறத் தொடங்கும் பருவம் இது. காவிரிப் படுகையில் சம்பா அறுத்த தாளடி ஈரத்தில் எள் தெளிப்பதும் ஏறக்குறைய இந்தக் காலத்தை ஒட்டித்தான். பிப்ரவரி 10-ஆம் தேதியை ஒட்டி விதைத்தால் மார்ச் கடைசியில் பூ எடுக்கும். ஏப்ரலில் காய் பிடிக்கும். மே முதல் வாரத்தில், கத்திரி வெயில் தொடங்கும்போது, அறுவடைக்கு வந்துவிடும். உலர்த்துவதற்கு அதைவிடச் சிறந்த வெயில் ஆண்டில் வேறில்லை.

இந்தப் பருவத்தில் நாள் தவறுவதற்கு விலை உண்டு. பங்குனி வரை தள்ளிப் போட்டால் பூக்கும் காலம் மே மாதத்துக்குள் போய்விடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூ கருகி உதிர்ந்து, செடி உயர்ந்து நின்றும் காய் இல்லாமல் போகும். மே நடுப்பகுதிக்கு மேல் வங்கக் கடலும் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. 2010-இல் லைலா புயலும் 2016-இல் ரோவானு புயலும் மே மூன்றாம் வாரத்தில்தான் சென்னைக்கு மழை கொண்டுவந்தன. அறுவடை மே 10-க்குள் முடியும்படி கணக்கிட்டு விதைப்பவர்கள் இந்த இரண்டு இடர்களையும் ஒன்றாகத் தவிர்க்கலாம்.

மண்ணைப் பொறுத்தவரை வட சென்னை ஒரே ஊர் அல்ல. திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோர மணல் எள்ளுக்கு நல்ல வடிகால் தரும். ஆனால் சத்தும் ஈரமும் நிற்காது. மாதவரம், கொடுங்கையூர்ப் பக்கத்துக் களிமண்ணில் சத்து உண்டு; ஆனால் நீர் விட்டுக் காய்ந்ததும் மேலே ஓடு போல இறுகிவிடும். ஆயிரம் விதை சேர்ந்தாலும் ஏறக்குறைய மூன்று கிராம்தான் இருக்கும் எள், அந்த ஓட்டைப் பிளந்து வெளிவர வலிமையற்றது. களிமண் தோட்டத்தில் அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, விதைத்த வரியை மண்ணால் மூடாமல் மணலும் மட்கிய எருவும் கலந்த கலவையால் மெல்ல மூடினால் முளைப்பு கண்கூடாகத் தேறும். மணல் தோட்டத்தில் சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ தொழுவுரம் இட்டுக் கொத்திவிட வேண்டும். அதற்கு மேல் உரம் கொடுத்தால் இலைதான் செழிக்கும்.

விதையை அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு உலர்ந்த மணல் கலந்து வரியில் தூவுவது வழக்கம். பதினைந்தாம் நாள் செடிக்குச் செடி அரையடி, முப்பதாம் நாள் ஓரடி இடைவெளி இருக்கும்படி மிகையானவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். முளைத்த செடியைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவிடுபவர்களின் தோட்டத்தில் மெலிந்து நெட்டையான தண்டுகளும் தண்டுக்கு நான்கைந்து காய்களுமே மிஞ்சுகின்றன. விளைச்சலைப் பாதியாகக் குறைப்பதில் பூச்சியையும் நோயையும் விட இந்தத் தயக்கமே முன் நிற்கிறது.

மறைந்திருக்கும் செலவு நீர்தான். ஆனால் அச்சப்படும் அளவுக்கு இல்லை. விதைத்தபோது, ஏழாம் நாள், பூவுக்கு முன் 25-ஆம் நாளளவில், பூக்கும்போது, காய் பிடிக்கும்போது என ஐந்தாறு முறை நனைத்தால் களிமண்ணுக்குப் போதும். மணலில் இதைப் போல இருமடங்கு ஆகலாம். 65 நாள் கடந்ததும் நீரை நிறுத்திவிட வேண்டும். 2019 போல ஏரிகள் வறண்ட கோடையிலும் பாத்திரம் கழுவிய நீரை விலக்கி, அரிசி, காய்கறி கழுவிய நீரை மட்டும் சேர்த்து வைத்தாலே சிறு பாத்தியைக் காப்பாற்றிவிடலாம் என்பது எள்ளின் தனிச் சிறப்பு.

மண்ணின் நம்பகம் பற்றி இங்கே கண்டிப்பாகப் பேச வேண்டும். மனையை மேடாக்கக் கட்டட இடிபாடோ, அனல்மின் நிலையச் சாம்பலோ கொட்டி நிரப்பிய இடங்கள் எண்ணூர், மணலிப் பக்கம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு புகுந்த வீடுகளும் உண்டு. அத்தகைய மண்ணில் உணவுப் பயிர் எதையும் விளைவிக்க வேண்டாம் என்றே சொல்வேன். வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள் ஆகியவற்றைத்தான் காட்டும். ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களைக் காட்டாது. ஆகவே அந்தச் சீட்டை நம்பி அமைதி கொள்ளக் கூடாது.

## இரண்டாம் வழி: தரையில், ஆனியிலோ ஆடியிலோ

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற முதுமொழி மானாவாரிக்குச் சொன்னது. தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கும் மாலை மழையை நம்பி, கிணறில்லாத மேட்டு நிலத்தில் பயிர் செய்தவர்களின் அறிவு அதில் இருக்கிறது. அதே அறிவு சென்னைக் கடற்கரையில் எள்ளுக்குப் பொருந்துமா என்பதைக் கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆடிப் பெருக்கன்று, அதாவது ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி விதைத்தால் 85-ஆம் நாள் அக்டோபர் கடைசியில் வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். முற்றிய எள்ளை அறுத்துக் காயப்போட வேண்டிய அதே வாரத்தில் தெருவெல்லாம் நீர் நிற்கும். பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பகுதித் தாழ்வான வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பருவத்தில் விதைத்தே ஆக வேண்டுமென்றால் ஆனி முதல் வாரத்திலேயே, ஜூன் 20-க்குள் விதைக்க வேண்டும். அப்போது செப்டம்பர் நடுவில் அறுக்கலாம். 70 முதல் 75 நாளில் முடியும் வி.ஆர்.ஐ. 1 போன்ற குறுகிய கால இரகம் கிடைத்தால் மேலும் பத்து நாள் கிட்டும். ஆனாலும் செப்டம்பரில் சென்னையில் மாலை இடிமழை சாதாரணம். பகலில் காயப்போட்டு நான்கு மணிக்கு அள்ளி உள்ளே வைக்க வீட்டில் ஆள் இருந்தால்தான் இது சரிப்படும். வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புபவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வழிக்கு உரிய நன்மையையும் சொல்ல வேண்டும். தண்ணீர் அறவே கிடைக்காத தெருவில், கரிக்கும் கிணற்று நீரைத் தவிர வேறில்லாதவர்களுக்கு, மழைநீரில் முளைக்கும் ஆனி எள் கோடை எள்ளைவிட நன்றாகவே நிற்கும். மழை மண்ணின் உப்பைக் கீழே கழுவி இறக்கிவிடுகிறது. உப்பு நீரில் முளைக்காமல் போகும் மாசி விதையைவிட, மழையில் முளைத்துப் பாதி விதை கறுத்துப்போகும் ஆனி எள் மேலானது.

களை இந்தப் பருவத்தில் இருமடங்கு. எள் முதல் ஒரு மாதம் மிக மெதுவாக வளரும் பயிர் என்பதால் கோரையும் அறுகும் அதை எளிதில் மூடிவிடும். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் கைக்களை எடுக்காமல் தப்ப முடியாது.

கார்த்திகை விதைப்பைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வட சென்னைத் தரைக்கு அது வேண்டவே வேண்டாம்.

## மூன்றாம் வழி: மாடியில், பைகளில்

பன்னிரண்டு அங்குல அகலமும் அதற்குக் குறையாத உயரமும் உள்ள பையில் இரண்டு செடி வைக்கலாம். ஆணிவேர் நேராக இறங்கும் பயிர் என்பதால், கீரைக்கு வாங்கிய ஆழமற்ற அகலப் பைகள் இதற்கு ஆகா. இருபது பையில் நாற்பது செடி நின்றால், நன்றாகப் பார்த்துக்கொண்டும் கால் கிலோ எள்ளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பை, செம்மண், எரு, தென்னைநார்க் கழிவு என்று செய்யும் செலவை அந்தக் கால் கிலோவோடு ஒப்பிட்டால் கணக்கு ஒருபோதும் நேராகாது. வேறு பயிருக்காக ஏற்கெனவே வாங்கிவைத்த பைகள் கோடையில் காலியாக இருந்தால் மட்டுமே இந்த வழி பொருளுடையது. அப்போதும் நார்க் கழிவைக் குறைத்து மணலைக் கூட்ட வேண்டும். கத்தரிக்கு ஏற்ற ஈரப்பிடிப்பு எள்ளுக்கு வேரழுகலாக முடியும்.

பாரம் இன்னொரு மறைந்த செலவு. மேற்சொன்ன பை நனைந்திருக்கும்போது இருபது கிலோவைத் தாண்டும். இருபது பை என்றால் நானூறு கிலோவுக்கு மேல். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் மாடிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நடுவில் பைகளை அடுக்குவது ஆபத்து. கீழே சுவர் இருக்கும் விளிம்பை ஒட்டி ஒற்றை வரிசையாக மட்டும் வைக்கலாம். கசிவு இருக்கும் மாடியென்றால் அதுவும் வேண்டாம்.

கடற்காற்று மாடியில் நேராக அடிக்கும். மூன்றடி நான்கடி உயரும் எள், காய் பிடித்த பாரத்தோடு சாய்ந்தால் காய் தரையில் அடிபட்டு வெடிக்கும். பைக்கு ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். மே மாதத்தில் பை சூடேறுவதால் அன்றாடம் நீர் தேவைப்படும். இங்கே நிழல் வலை கட்டினால் பூ குறையும். பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தினால் பக்கச் சூடு ஓரளவு தணியும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாடிக்கு மூன்று உறுதியான நன்மைகள் உண்டு. மண் உங்கள் கையால் கலந்தது. அதன் பின்புலம் உங்களுக்குத் தெரியும். வெள்ளம் எட்டாது. எள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் பயிர் என்பதால், தேனீ அரிதான நெருக்கமான தெருக்களிலும் காய்ப்பு குறையாது. நிரப்பிய மனையில் வாழ்பவர்களுக்கும், பக்கத்துச் சுவரின் நிழல் விழுந்து தரையில் மூன்று மணி நேர வெயில்கூடக் கிடைக்காதவர்களுக்கும் மாடியே சரியான இடம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தரை, தை–மாசி | தரை, ஆனி–ஆடி | மாடிப் பை, தை–மாசி |
|---|---|---|---|
| அறுவடை வானிலை | மே முதல் வாரம், மிக நன்று | ஆனியில் விதைத்தால் மாலை மழை. ஆடியில் விதைத்தால் பருவமழை | மே முதல் வாரம், மிக நன்று |
| நீர் தேங்கும் இடர் | குறைவு | அதிகம் | வடிகால் துளை அடையாதவரை இல்லை |
| பாசனம் | ஐந்தாறு முறை. மணலில் கூடுதல் | மழை தவறும் வாரங்களில் மட்டும் | கோடையில் அன்றாடம் |
| கரிக்கும் கிணற்று நீர் மட்டும் இருந்தால் | ஏற்றதல்ல | ஓரளவு ஏற்றது | ஏற்றதல்ல. பையில் உப்பு தேங்கும் |
| மாசுபட்ட மனை | தவிர்க்க வேண்டும் | தவிர்க்க வேண்டும் | ஏற்றது |
| எதிர்பார்க்கும் அளவு | நூறு சதுர அடிக்கு அரை முதல் முக்கால் கிலோ | அதைவிடக் குறைவு | இருபது பைக்குக் கால் கிலோ |
| களை வேலை | நடுத்தரம் | மிகுதி | மிகக் குறைவு |

## எந்த எள்?

கருப்பு எள்ளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். தர்ப்பணத்துக்கும் உருண்டைக்கும் வீட்டில் தேவைப்படுவது அதுதான். அதோடு, முற்றியதைக் கண்டறிவதும் கருப்பில் எளிது. கோயம்புத்தூரின் கோ 1 கருப்பு விதை தரும் இரகம், ஸ்ரீவில்லிபுத்தூரின் எஸ்.வி.பி.ஆர். 1 வெள்ளை. மளிகைக் கடை எள்ளைப் போட்டாலும் முளைக்கும். ஆனால் அதில் பல இரகம் கலந்திருப்பதால் ஒரு செடி வெடிக்கும்போது பக்கத்துச் செடி பச்சையாக நிற்கும். ஒரே முறையில் அறுக்க வேண்டிய பயிரில் அது பெரிய இழப்பு. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் முளைப்பை எதிர்பார்க்க முடியாது. விதைத்த அன்றே எறும்பு வரிசை கட்டித் தூக்கிச் செல்லும் என்பதால், பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவுவதும், கூடுதலாக ஒரு பிடி விதை வைத்துக்கொள்வதும் நல்லது.

இரண்டு கேடுகளை மட்டும் எல்லா வழியிலும் கவனிக்க வேண்டும். நுனி இலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழு பிறகு காயையும் துளைக்கும். பிணைந்த நுனியைக் கண்டவுடன் கிள்ளி நசுக்கினால் வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே போதும். பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். அந்தச் செடி தேறாது, பிடுங்கிவிட வேண்டும்.

## அறுவடையில் எங்கே வெல்கிறோம்

கீழிலைகள் உதிர்ந்து, தண்டும் நடுக்காய்களும் மஞ்சளாகத் தொடங்கியதும், அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பார்க்க வேண்டும். விதை கறுத்திருந்தால் அன்றைக்கே அறுக்கலாம். நுனிக்காய்கள் இன்னும் பச்சையாக இருக்கின்றனவே என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து நல்ல விதை மண்ணுக்குப் போகும். நுனியில் கிடைப்பதோ சொத்தையும் பிஞ்சும். வெயில் ஏறாத காலை வேளையில், காயில் பனி ஈரம் இருக்கும்போது அறுப்பது உதிர்வைக் குறைக்கும்.

அறுத்த செடிகளை நுனி உள்ளே, தாள் வெளியே இருக்கும்படி குவித்து, வைக்கோலோ பழைய பாயோ போட்டு மூன்று நாள் மூடி வைத்தால், உள்ளே எழும் வெப்பத்தில் இலை உதிர்ந்து காய்கள் ஒரே சீராகப் பழுக்கும். பிறகு வெயிலில் நிறுத்திக் காயவைத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினால் முதல் நாளே முக்கால் பங்கு விதை கொட்டிவிடும். மீதியை அடுத்த இரண்டு நாள் காயவைத்து உதற வேண்டும்.

தரையில் விளைவித்தவர்களும் இந்த வேலையை மாடிக்குக் கொண்டுபோவதே மேல். மண் தரையில் உதறிய எள்ளில் கலக்கும் மணல், முறத்தில் புடைத்தாலும் முழுதும் போகாது. உருண்டையைக் கடித்ததும் பல்லில் படும். மொட்டை மாடியைக் கழுவிக் காயவிட்டு, நெசவு நெருக்கமான பழைய வேட்டியையோ புடவையையோ இரண்டாக மடித்து விரித்தால் அதைவிட நல்ல களம் கிடையாது. புறாக்கள் மிகுந்த தெருவென்றால் உதறும் நாட்களில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று கிளம்பும் பிற்பகலுக்கு முன்பே உதறி முடிப்பதும் அவசியம்.

அடுத்த ஆண்டு விதைக்கென்று எடுக்கும் பங்கை, நோய் படாத செடிகளின் நடுத்தண்டுக் காய்களிலிருந்து, முதல் நாள் கொட்டிய விதையிலேயே எடுத்து, நன்கு உலர்த்தி, வேப்பிலைச் சருகோடு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் தனியே வைக்க வேண்டும். சமையலுக்கான எள்ளைக் கழுவிக் காயவைத்துப் புட்டியில் அடைக்கலாம். விதை எள்ளில் நீர் படக் கூடாது.